கம்பளிப்பூச்சிக்குப் பந்தி வைத்த கதை

திம்மராயப்பா தன் முதுகைக் கல் தூணில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எருமை தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம், நடுவில் ஒரு பெருமூச்சு. அதே ஒழுங்கு. தலைப்பாகை மட்டும் அசையவில்லை. ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர், உடம்பு முழுக்க நெருப்பாக எரிந்தாலும் தலைப்பாகையைக் கழற்ற மாட்டார்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற பஸ் தோப்போரம் வந்தபோது வேகம் குறைந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்னா பெரியவரே, முதுகுல என்னா?" என்றார்.

"உன் பஸ்ஸ நீ ஓட்டு" என்றார் திம்மராயப்பா, தேய்ப்பதை நிறுத்தாமல்.

சற்றுத் தள்ளி, மரம் வெட்ட வந்த முனியனும் அவன் தம்பியும் கோடாலிகளைக் கீழே போட்டுவிட்டு, ஒருவர் கழுத்தை ஒருவர் சொறிந்துகொண்டிருந்தார்கள். நான் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றேன். என் கழுத்தும் எரிந்தது. ஆனால் வீட்டுப் பெரியவருக்கு முன்னால் விருந்தாளி எண்ணெய் தடவிக்கொள்வது மரியாதையில்லை என்பதால் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தேன்.

என் அக்கா ஜெயம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இலையே இல்லாத தன் முப்பது மரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது சிரிப்பு என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அழுகை இல்லை என்று செய்வேன்.

போன வாரம் என் கடைவாய்ப் பல்லைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி, "உங்க உடம்பையே எத்தனை வாரம் எழுதுவீங்க? வேற யார் உடம்பாவது கிடைக்காதா?" என்று கேட்டாள். அதனால்தான் இந்த வாரம் திம்மராயப்பாவின் முதுகு.

வீட்டோடு தம்பி

ஐம்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். ஓசூர் எந்தப் பக்கம் சேரும், மைசூர்ப் பக்கமா நம் பக்கமா என்று டீக்கடைகளில் கிளாஸ் உடைந்துகொண்டிருந்த காலம். இன்றைக்கு ஷிப்டு மாறுவதற்குச் சங்கு ஊதுகிற இடங்களில் அன்றைக்குக் கேழ்வரகும் கொள்ளும்தான்.

வீட்டோடு மாப்பிள்ளை கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் வீட்டோடு தம்பி. உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் அக்காவைக் கொடுத்த வீட்டுக்கு உகாதி விருந்துக்கு வந்தவன், ஒப்பிட்டுப் போளி தீர்ந்த பிறகும் கிளம்பவில்லை. சர்க்கார் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், உத்தரவு வரப்போகிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிப் போட்டது உண்மை.

அந்த வீட்டில் மூன்று பேர். அக்காவின் மாமனார் திம்மராயப்பா. மாட்டை ஓட்டக் கன்னடம், கோபத்துக்குத் தெலுங்கு, மருமகளிடம் தமிழ் என்று பாஷைகளைப் பிரித்து வைத்திருந்தவர். அடுத்தது அக்காவின் கணவர், என் மச்சான் கிருஷ்ணப்பா. அவர் ஒரு நாளைக்குப் பேசுவது மூன்று வார்த்தை. அதில் இரண்டு மாடுகளுக்கு. மிச்சப் பேச்சையெல்லாம் அந்த வீட்டில் அக்காதான் பேசியாக வேண்டும். அவளும் குறை வைக்கவில்லை.

ஆனால் பேசுவது வேறு, பேச்சு எடுபடுவது வேறு. கேழ்வரகுக்கு மாமனார் எஜமானர். மாடுகளுக்கு மச்சான் எஜமானர். அடுப்படிக்குக்கூட, காலமான மாமியார் சுவரில் படமாகத் தொங்கி மேற்பார்வை பார்த்தார். அக்கா சொன்னால் சொன்னபடி நடக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். ரோட்டோரம் இருந்த மேட்டு நிலத்தில் முப்பது சீமை அத்தி.

சீமை அத்தியை எங்கள் பக்கம் அஞ்சூரம் என்போம். மைசூர்ப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் அக்கா அந்தப் பழத்தைத் தின்றுவிட்டாள். திரும்பும்போது பஸ் மேலே மூட்டை மூட்டையாகக் கன்றுகள் வந்தன. நடலாமா என்று மச்சானைக் கேட்டாள். அன்றைய மூன்றாவது வார்த்தையை மச்சான் அவளுக்குக் கொடுத்தார்: "நடு."

பெரியவருக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது.

"பூவக் காட்டாம காய்க்கிற மரத்த எப்படிம்மா நம்பறது? முருங்க பூக்குது, மா பூக்குது, கள்ளிகூடப் பூக்குது. இது என்னா திருட்டுத்தனமா காய்க்குது?"

"உள்ளாற பூக்குது மாமா."

"உள்ளாற எதுக்குப் பூக்கணும்? நம்ம கண்ணு பட்டுருமா?"

மரங்கள் ஆளுயரம் தாண்டிய வருஷம், மழைக்காலத்தில், எங்கிருந்தோ கம்பளிப்பூச்சி வந்து இலைகளைத் தின்றது. பெரியவருக்கு அது தன் கட்சிக்கு விழுந்த ஓட்டு மாதிரி. கெலமங்கலம் சந்தையில், பக்கத்துக் காட்டு லிங்கப்பாவும் இன்னும் நாலு பெரிய மனிதர்களும் நிற்கும்போது ஒரு வார்த்தை விட்டார்.

"வர்ற வருசமும் புழு வந்து எலையத் தின்னட்டும். முப்பதையும் வெட்டிப் போட்டுட்டு ராகி வெதைக்கிறன்."

வார்த்தை தவறாத மனிதர்

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். திம்மராயப்பா வார்த்தை விட்டால் விட்டதுதான். ஒரு தடவை ராயக்கோட்டையில் இருந்த தன் மைத்துனரோடு சண்டை போட்டு, "இந்த வாசப்படிய மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்று சொல்லிவிட்டார். நாலைந்து வருஷம் கழித்து அந்த மைத்துனர் வீட்டில் கல்யாணம். போகாமல் இருக்கவும் முடியாது, மிதிக்கவும் முடியாது.

போனார். வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போடச் சொல்லி அதில் ஏறி உட்கார்ந்தார். நாலு பேர் தூக்கிப் படி தாண்டி உள்ளே இறக்கினார்கள். சாப்பிட்டு முடித்ததும் அதே கட்டிலில் வெளியே வந்தார். ஜாக்கிரதையாகத்தான் தூக்கினார்கள். ஆனாலும் அந்தக் கட்டில், சினிமாவில் வருகிற ராஜா பல்லக்கைப் போல் இல்லாமல் வேறு ஒரு ஊர்வலத்தைப் போல் இருந்ததால், எதிரே வந்த கிழவி ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாளாம்.

அப்படிப்பட்டவர் சந்தையில் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை. அக்காவுக்கு அது தெரியும். அடுத்த வருஷம் ஒரு புழு வந்தாலும் தோப்பு போச்சு.

பாய் கொண்டுவந்த சேதி

பாஷா பாய் பெங்களூர் சிட்டி மார்க்கெட்டில் பழ வியாபாரி. தோப்புத் தோப்பாக ஏறி இறங்குகிறவர். மறு வருஷக் கோடையில் எங்கள் தோப்புக்கு வந்தவர், மரத்தில் தப்பித் தவறி நின்ற ஒரு பழத்தைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடித் திறந்தார்.

"இனிப்பு இருக்குது தங்கச்சி. ஆனா உள்ள நெறைவு இல்ல. துருக்கி தேசத்துல என்னா பண்றாங்க தெரியுமா? காட்டு அஞ்சீர் கெளைய வெட்டியாந்து தோட்டத்து மரத்துல கட்டித் தொங்கவிடுவாங்க. அதுலேருந்து சின்னப் பூச்சி பறந்து வந்து காய்க்குள்ள பூரும். பூந்தாதான் பழம் ரொம்பும்."

பாய் துருக்கிக்குப் போனதில்லை. ஹஜ்ஜுக்குப் போய் வந்த அவருடைய மாமா சொன்னது. ஆனால் கேட்ட நாங்கள் எல்லாரும் அப்படியே நம்பினோம். காரணம் இருக்கிறது. நாட்டு அத்திப் பழத்தைப் பிட்டு, உள்ளே இருக்கிற பூச்சிகளை ஊதிவிட்டுத் தின்னாத ஆள் எங்கள் பக்கம் யார்? அத்தி என்றால் பூச்சி. பூச்சி என்றால் பழம். பெரியவர்கூடத் தலையாட்டினார்.

சீமை அத்தியில் எங்கள் ஜாதி மரத்துக்கு அந்தப் பூச்சியே தேவையில்லை, அது தானாகக் காய்க்கும் என்று பின்னால் தெரிந்தது. எங்களுக்கு எதுவுமே பின்னால்தான் தெரியும்.

மறுநாளே மச்சானின் மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனோம். அங்கே நின்ற பெரிய நாட்டு அத்தியில் கிளை கிளையாக வெட்டி வண்டி நிறைய ஏற்றினோம். அக்கா ஒவ்வொரு மரத்திலும் கிளையைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினாள். வேடிக்கை பார்க்க வந்த பெரியவர், கொஞ்ச நேரத்தில், "அங்க இல்லம்மா, ஒசக்கக் கட்டு" என்று கட்டளையிட ஆரம்பித்தார்.

அந்தக் கிளைகளில் சில இலைகளுக்கு அடியில் மெல்லிய நூல் வலை. வலைக்குள் பச்சையும் பழுப்புமாக, கால் விரல் நகம் பருமனுக்கு ஏதோ தூங்கிக்கொண்டிருந்தது. மேலே ரெண்டு மூணு மயிர் நட்டுக்கொண்டு நின்றது.

"இதென்னாடா கோவிந்து?" என்றாள் அக்கா.

பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷம் படிக்க வேண்டியதைப் பதினோரு வருஷம் படித்தவன் நான். அந்த அனுபவத்தில் சொன்னேன்: "அந்தப் பூச்சியோட தொட்டில்."

கண்ணாடி இறக்கைக்காரன்

ஒரு வாரம் கழிந்திருக்கும். காலையில் அக்கா கூப்பிட்ட சத்தத்தில் மூன்று பேரும் தோப்புக்கு ஓடினோம். ஒரு தொட்டில் காலியாக இருந்தது. பக்கத்து இலையில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

ஒல்லியான கறுப்பு உடம்பு. தலையில் சீப்பு மாதிரி ரெண்டு கொம்பு. இறக்கை இருக்கிற இடத்தில் இறக்கை இருப்பதே தெரியவில்லை, அத்தனை தெளிவு. இறக்கைக்கு அப்பால் இருந்த இலை நரம்பை எண்ணலாம். பெரியவர் மடியிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"என் கண்ணாடி இவ்ளோ சுத்தமா இல்லயே மாப்ளே."

"துருக்கிப் பூச்சின்னா சும்மாவா மாமா" என்றேன். ஓடைக்கரையில் பிறந்த பூச்சிக்கு அரை நாளில் துருக்கிக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தவன் நான்.

அன்றைக்கே உத்தரவு போட்டார் பெரியவர். தோப்பில் இனி வேப்பிலைப் புகை போடக் கூடாது. சாம்பல் தூவக் கூடாது. கோழி அந்தப் பக்கம் போகக் கூடாது. கண்ணாடிப் பூச்சியின் மனசு நோகிற மாதிரி எதுவும் நடக்கக் கூடாது. அக்கா கோழிகளைக் கூடை போட்டு மூடினாள்.

இரண்டொரு நாளில் வேறொரு பூச்சியும் தென்பட்டது. இது தடியாக, சந்தன நிறத்தில், பஞ்சுப் பொதி போல இலையில் அப்பிக்கொண்டிருந்தது. பறக்கச் சோம்பல். இரண்டுக்கும் ஜாடையே ஒட்டவில்லை. இதுதான் போன வருஷம் புழு வைத்த கழுதை என்று ஒரே பார்வையில் முடிவு செய்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். அக்கா கையோடு என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு இலையைக் காட்டினாள். பெரியவரும் பின்னாலேயே வந்தார். கண்ணாடிக்காரனும் சந்தனத் தடியும் எதிரும் புதிருமாக முகத்தை வைத்துக்கொண்டு, வாலோடு வால் ஒட்டி நின்றன.

"என்னாடா பண்ணுது?"

"பிடிச்சிருக்கான் அக்கா. நம்ம ஆளு போலீஸ். அது திருடன். பின்பக்கமா வந்து மடக்கிட்டான்."

பெரியவர் மெச்சினார். "சத்தமே இல்லாம பிடிச்சிருக்குது பாரு."

அக்காவுக்குத் திருப்தியில்லை. "அடிக்கிற மாதிரி தெரியலயே."

"விசாரணை நடக்குது."

அந்த வழியாக மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த மச்சான் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். "சோடி" என்றார். போய்விட்டார். அவர் மாட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம்.

காலையில் போய்ப் பார்த்தால் இன்னும் விசாரணை முடியவில்லை. தோப்பில் வேறு நாலைந்து இடங்களிலும் கைது நடந்திருந்தது. எங்கள் போலீஸின் சுறுசுறுப்பைப் பார்த்து எனக்கே புல்லரித்தது.

இதை ஊருக்குக் காட்ட ஆசைப்பட்டதுதான் வினை. ஒரு போலீஸையும் திருடனையும் பிஸ்கட் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, பெரியவர் சாப்பிடுகிற இடத்துக்கு எதிரே மாடத்தில் வைத்தேன். திருடனைப் போலீஸ் அடித்துத் தின்பதை அவர் களி தின்றுகொண்டே பார்க்கலாம் என்பது என் ஏற்பாடு.

அடுத்த நாள் பெரியவர் களி உருண்டையைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, இங்க வா."

போனேன். போலீஸ்காரர் அடியில் மல்லாந்து கிடந்தார். திருடன் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால், கடுகைவிடச் சின்னதாக, நெருக்கி நெருக்கி வரிசை கட்டிய முட்டைகள்.

"போலீஸ்காரன் புடிச்சா திருடன் முட்டையாடா போடுவான்?"

அக்கா பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மெதுவாக, "ஆணும் பொண்ணும்டா" என்று மட்டும் சொன்னாள். பிறகு கோழிகளை மூடி வைத்த கூடையைப் போய்த் திறந்துவிட்டாள். கோழிகள் வேகமாகத்தான் போயின. ஆனால் மரமேறத் தெரிந்த கோழி எங்கள் வீட்டில் இல்லை.

சாரல் சத்தம்

பூச்சியின் வாழ்க்கையை இப்போது சொன்னால் புரியும். முட்டை பொரிய ஒரு வாரம் போதும். பொரிந்ததும் நூல் மாதிரிக் குஞ்சுப் புழுக்கள் இலைக்கு அடியில் கூட்டமாக உட்கார்ந்து பச்சையை மட்டும் சுரண்டும், இலை சல்லடையாகும். வளர வளரத் தனித்தனியே பிரிந்து போய் ஆளுக்கொரு இலையை ஓரத்திலிருந்து பிடிக்கும். கறுப்பு உடம்பு, முதுகில் வெளிறிய பட்டை, சிவப்புப் புள்ளி, இரண்டு பக்கமும் மயிர்க்கட்டு. மூன்று வாரம் தின்றபிறகு மயிரைக் கொஞ்சம் உதிர்த்து நூலில் சேர்த்துத் தொட்டில் கட்டித் தூங்கும். தூங்கி எழுந்தால் ஆண் கண்ணாடி, பெண் சந்தனம். மறுபடி கைது, மறுபடி விசாரணை.

வெயில் காலத்தில் இந்தச் சக்கரம் மெதுவாகச் சுற்றும். ஆவணி மழை விழுந்து தளிர் வந்துவிட்டால் வேகம் பிடிக்கும். ஐப்பசியில் பந்திக்குப் பந்தி இடம் கிடைக்காது. ஆலும் அரசும் நாட்டு அத்தியும் அதற்குத் தாய்வீடு. எங்கள் சீமை அத்திக்கு அது தானாக வந்திருந்தாலும் வந்திருக்கும். நாங்கள் வண்டி கட்டிப் போய், தொட்டிலோடு அழைத்து வந்து, தேங்காய்நார்க் கயிற்றில் ஊஞ்சல் கட்டி உட்கார வைத்தோம்.

அந்த ஐப்பசியில் தோப்புக்குள் போனால் மழைச்சாரல் சத்தம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் வானம் வெளுத்திருக்கும். அது புழுக்கள் போடுகிற எச்சம், காய்ந்த இலைமேல் விழுகிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அக்கா அடுப்பு இடுக்கியால் புழுக்களைப் பிடித்து உப்புத் தண்ணீர்ச் சட்டியில் போடுவாள். ஒரு மரத்தை முடித்துத் திரும்பினால் முந்தின மரத்தில் மறுபடி சாரல். நானும் பிடித்தேன். பிடித்ததைவிடச் சொறிந்ததுதான் அதிகம்.

சந்தையில் லிங்கப்பாவுக்குக் கொண்டாட்டம். "என்னா திம்மராயப்பா, புழு தானா வராதுன்னு நீங்களே வண்டி கட்டிப் போய்க் கூட்டியாந்தீங்களாமே. தாம்பூலம் வெச்சீங்களா?"

பெரியவர் தெலுங்கில் பதில் சொன்னார். அதை அச்சில் போட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் முனியனுக்கு ஆள் அனுப்பினார். கார்த்திகை தீபம் கழிந்த மறுநாள் காலை கோடாலியோடு வரச் சொல்லி.

அக்கா சாணி மெழுகிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். "ராகி வெதைக்க வேற எடமே இல்லயா மாமா?"

"எடம் இருக்குது."

"அப்புறம்?"

"பேச்சுக் குடுத்துட்டன்."

மச்சான் மாட்டுக் கொட்டகையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார், மூடினார். அன்றைக்கு மாடுகளுக்குக்கூட வார்த்தை கிடைக்கவில்லை. அக்கா இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாள். அவளுக்காக நானும் ஒரு வேளை சாப்பிடவில்லை.

முதல் வெட்டு

இப்போது முதுகுக்கு வருகிறேன்.

முனியன் ஓரத்து மரத்தடியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். மேல்சட்டை இல்லாமல் பெரியவர் சரியாக மரத்துக்கு நேர் கீழே வந்து நின்று மேற்பார்வை பார்த்தார். தள்ளி நின்றால் வேலை சுத்தமாக நடக்காது என்பது அவர் அபிப்பிராயம்.

"ஓங்கிப் போடு முனியா."

முனியன் ஓங்கிப் போட்டான்.

கோடாலி மரத்தில் அரை விரல்கூட இறங்கியிருக்காது. ஆனால் மரம் உச்சி வரை அதிர்ந்தது. கடைசி இலைக் காம்பு வரை தின்று முடித்து, எங்கே தொட்டில் கட்டலாம் என்று கிளைகளில் ஊர்ந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் பிடி விட்டது. முனியன் தலையில், அவன் தம்பி கழுத்தில், எட்டிப் பார்த்த என் சட்டைக்குள். பெரும் பங்கு பெரியவர் முதுகில். ஒரு கணம் அவர் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றார்.

அப்புறம் நடந்ததைத்தான் பஸ்ஸில் போனவர்கள் பார்த்தார்கள்.

எண்ணெய் தடவி, வெற்றிலைச் சாறு பூசி, ஈரத் துணி போட்டு, மூன்று நாள் குப்புறப் படுத்தார் பெரியவர். முனியன் கழுத்து வீங்கிய நிலையில் வாசலில் வந்து நின்று, "புழு எறங்கட்டும் சாமி. அப்பறமா வரன்" என்றான்.

"எப்ப எறங்கும்?"

"அதுங்க சௌகரியம் சாமி."

மொட்டை மரத்தில் பொத்தான்

மார்கழிக் குளிரில் தோப்பு எலும்புக்கூடாக நின்றது. புழுக்கள் தொட்டிலுக்குள் போய்விட்டன. அக்கா எட்டுகிற தொட்டிலையெல்லாம் பிய்த்து அடுப்பில் போட்டாள். இந்தத் தடவை என்னை யோசனை கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் முனியன் கோடாலியோடு வந்தான். பெரியவர் முழுக்கைச் சட்டை போட்டு, காதை மூடித் துண்டு கட்டி, பத்தடி தள்ளி நின்றுகொண்டார். அக்கா மரத்துக்கும் கோடாலிக்கும் நடுவில் நிற்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

முனியன் கோடாலியைத் தூக்கினான். தூக்கியது தூக்கியபடி மேலே பார்த்தான். அப்புறம் கீழே இறக்கினான்.

"சாமி, காய் நிக்குது."

மரத்தில் மேலிருந்து கீழ் வரை புதுத் தளிர். ஒவ்வொரு தளிர் இலையின் கக்கத்திலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பச்சைப் பிஞ்சு.

"நின்னா என்னா? வெட்டு."

"காய் நிக்கிற மரத்துல கோடாலி வெக்க மாட்டன் சாமி. எங்கூட்ல புள்ளத்தாச்சி கீறா."

பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டு ஆண் காய்த்த மரத்தை வெட்ட மாட்டான். வெட்டு என்று சொல்கிறவனையும் ஊர் சும்மா விடாது. பெரியவர் முனியனின் தம்பியைப் பார்த்தார். அவன், "எனக்கும் அண்ணி தான சாமி" என்றான்.

அடுத்த தடவை வந்த பாஷா பாய் தோப்பைப் பார்த்து வாயைப் பிளந்தார். "யாரு தங்கச்சி கவாத்துப் பண்ணது? இலையெல்லாம் உருவி, நேரம் பாத்துச் செஞ்சிருக்கீங்க." அத்தி புதுத் தளிரில்தான் காய்க்குமாம். அதற்காகவே சில தோட்டக்காரர்கள் குளிருக்கு முன்னால் ஆள் விட்டு இலை உருவி, கிளை நுனியை நறுக்குவார்களாம். எங்கள் ஆட்கள் சாப்பாட்டை மட்டும் கூலியாக வாங்கிக்கொண்டு அந்த வேலையை முடித்துக் கொடுத்திருந்தார்கள்.

சித்திரையில் பழுத்தது. மேலே ஊதா, உள்ளே ரத்தச் சிவப்பு. காம்பில் ஒரு சொட்டுப் பால். அக்கா கூடை கூடையாகப் பறித்து, அத்தி இலையே மேலே பரப்பி, பெங்களூருக்கு அனுப்பினாள். பெரியவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். அதைச் சொல்லும்போது மீசையில் விதை ஒட்டியிருந்தது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

லிங்கப்பாவின் கேள்வி

கடைசிக் கூடையும் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்த வாரம், சந்தையிலிருந்து பெரியவர் வாய் திறக்காமல் திரும்பினார். கூடப் போன நான்தான் அக்காவிடம் சொன்னேன். பெரிய மனிதர்கள் கூடி நிற்கும்போது லிங்கப்பா கேட்டான்: "புழுவும் வந்துச்சு, எலையும் போச்சு. இப்பக் காயும் எறக்கியாச்சு. மரம் இன்னும் நிக்குதே திம்மராயப்பா. பேச்சு என்னாச்சு?"

அக்கா கேட்டுக்கொண்டாள்.

அடுத்த சந்தை நாள் விடிந்ததும் பெரியவர் தானே கோடாலியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். முனியனைக் கூப்பிடவில்லை. அக்கா பின்னாலேயே போனாள். மச்சான் மாட்டை அவிழ்க்காமல் போனார். நான் பாதுகாப்பான தூரத்தில் போனேன்.

பெரியவர் வரிசையாக ஒவ்வொரு மரத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தார். இதை விட்டு அது, அதை விட்டு இது என்று கடைசியில் ரோட்டை ஒட்டி நின்ற மரத்தடியில் கோடாலியை ஊன்றி நின்றார். நேரம் போனது. வெட்டவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"எதுக்கு மாமா நிக்கிறீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"இரும்மா."

கொஞ்ச நேரத்தில் கெலமங்கலம் சந்தைக்குப் போகிற வண்டிகள் வந்தன. மூன்றாவது வண்டி லிங்கப்பாவுடையது. அது வளைவு திரும்பியதும் பெரியவர் கோடாலியை ஓங்கினார். வெட்டு வெட்டு என்று வெட்டினார். லிங்கப்பா வண்டியை நிறுத்தினான். மரம் சாய்ந்து ரோட்டுப் பக்கம் விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுதானா?"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆரம்பிச்சிருக்கன் இல்ல?"

லிங்கப்பாவின் வண்டி கண்ணுக்கு மறைந்ததும் கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு மட்டும் இல்லை, அப்புறம் எப்போதுமே தொடரவில்லை. யார் கேட்டாலும், "வேல ஆரம்பிச்சிருக்குது" என்பதுதான் பதில்.

அக்கா சாய்ந்த மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இருபத்தொன்பது மிஞ்சியதே என்று நான் தேற்றியபோது, "நீ பேசாதடா" என்றாள். வெயில் ஏறும் வரை அழுதுவிட்டு எழுந்து அரிவாள் எடுத்து வந்தாள். விழுந்த மரத்தின் கிளைகளையெல்லாம் கழித்து வீட்டுக்கு இழுத்துப் போனாள். அடுப்புக்கு என்று நினைத்தோம்.

பூச்சி மறுவருஷமும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் வந்தது. மழை விழுந்ததும் அக்கா விடியக்காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போவாள். முட்டை வைத்த இலையைக் கிள்ளிச் சட்டியில் போடுவாள். போலீஸோ திருடனோ, எது அகப்பட்டாலும் ஒரே தண்டனை.

ஆனால் நான் சொல்ல வந்தது மரம் வெட்டின அதே வருஷத்து ஆனி மாசம். முதல் மழை நன்றாகப் பெய்து ஓய்ந்திருந்தது. குளித்துவிட்டுச் சொம்போடு வந்த பெரியவர், கிணற்றடித் தண்ணீர் ஓடி வடிகிற இடத்தில் நின்றுவிட்டார். சாண் சாணாக நறுக்கி வரிசையாக ஊன்றிய குச்சிகள். எல்லாவற்றின் நுனியிலும் குழந்தைக் கை மாதிரி இலை விரிந்திருந்தது. அத்தியைக் கிளை நறுக்கி ஈரத்தில் ஊன்றினால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும்.

"இது என்னாம்மா இத்தனை?"

அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "நீங்க வெட்டுனதுதான் மாமா" என்றாள்.

"எல்லாமேவா பொழச்சிருச்சு?"

"எல்லாமே."

பெரியவர் குச்சிகளைப் பார்த்தார். மேட்டு நிலத்தைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில், ராகி விதைக்க உழுது போட்டிருந்த காட்டையும் பார்த்தார்.

"லிங்கப்பா காதுல போட்டுராத" என்று சொல்லிவிட்டு, சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவற்றின் மேல் ஊற்றினார்.